டோக்கன் என்றால் ஒரு ஆள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோடு போட்ட தாளிலும் மேலே ஏறும், கீழே இறங்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்றுவரை தகராறு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் மகள் பிழை திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் கண்ணுக்கும் தப்பியது ஏதாவது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேச வராததால்தான் எழுதுகிறேன். பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தாலும், ‘நிறுத்துங்க’ என்று கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, யாராவது கேட்கும்வரை காத்திருந்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தவன் நான். அப்படிப்பட்டவனுக்கு இரண்டு மாதமாக உள்ளே ஒரு கோபம் இருக்கிறது. சோறு சாப்பிடும்போதும் இருக்கிறது, பெங்களூருக்கு ரயிலில் நின்றுகொண்டு வேலைக்குப் போகும்போதும் இருக்கிறது. ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லைப் பற்றிய கோபம். அந்தச் சொல் டோக்கன்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் சுரங்கத்தில் வந்தது. ஷிஃப்ட், ஷாஃப்ட், லெவல், கேஜ். கோலார் தங்கவயலில் இவற்றை யாரும் இங்கிலீஷ் என்று நினைப்பதில்லை. உப்பு, புளி மாதிரி அவை வீட்டில் கிடக்கும். அவற்றில் டோக்கனைப் பற்றி மட்டும் நான் உரிமையோடு பேசலாம். சுரங்கத்தை மூடுவதற்கு முந்தைய நான்கு வருடங்கள் லேம்ப் ரூமில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் வாங்கியவன் நான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கீழே இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பர் அடித்த பித்தளை வில்லைதான் டோக்கன். ஷிஃப்டுக்கு வந்ததும் அதை ஜன்னலில் என்னிடம் கொடுப்பார்கள். நான் அதைப் பலகையில் அதே நம்பர் ஆணியில் மாட்டிவிட்டு, தலையில் கட்டும் விளக்கையும் அதன் பேட்டரியையும் எடுத்துக் கொடுப்பேன். மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்து டோக்கனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அவ்வளவுதான் என் வேலை. ஆனால் அந்தப் பலகையைப் பார்த்தால் பூமிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியும். ஆணியில் டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான். கடைசி டோக்கன் போகும்வரை ஜன்னலை மூடக்கூடாது. இதை எனக்கு யாரும் சட்டமாகப் படித்துக் காட்டவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எனக்கு முன்பு அங்கே இருந்தவர் சாவியைக் கொடுத்துவிட்டு, “பலகை காலியாவற வரைக்கும் ஒனக்கு வீடு இல்ல” என்று மட்டும் சொன்னார்.

ஒரு முறை முதல் ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரே ஒரு டோக்கன் தொங்கியது. சாயங்காலம் மூன்றரை மணி. நான் ஷிஃப்ட் பாஸிடம் ஓடிச் சொன்னேன். அவர் கேள்வியே கேட்கவில்லை. அடுத்த ஷிஃப்ட் ஆட்களை இறக்காமல், ஷாஃப்டில் மேலும் கீழும் போகும் கேஜ் கூண்டை நிறுத்தி வைத்தார். அந்த ஆள் வேலை செய்த லெவலுக்கு இரண்டு பேர் இறங்கினார்கள். இன்னொருவரைச் சைக்கிளில் அவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு ஆண்டர்சன்பேட்டையில். அங்கே அவர் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார், இடுப்பில் பேட்டரியோடு. ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கும் அவசரத்தில் விளக்கைக் கொடுக்காமலே போய்விட்டாராம். திட்டு வாங்குவதற்கென்றே அவரைக் கூட்டிவந்தார்கள், வாங்கினார். மறுநாள் என் ஜன்னலுக்கு வந்தவர் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“மெய்யாலுமே என்னைத் தேடிகினு கீழ எறங்கிட்டாங்களா?”

ஆமாம் என்றேன். எத்தனை பேர் என்று கேட்டார். சொன்னேன். அன்று முழுக்க அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. அவரைத் திட்டியவர்கள் உட்பட எல்லோரும் அந்தப் பித்தளைத் துண்டை நம்பினோம்.

இனி என் கோபத்துக்குக் காரணமான ஆஸ்பத்திரிக் கதைக்கு வருகிறேன்.

என் அண்ணன் இருபது வருடத்துக்கு மேல் கீழே டிரில் பிடித்தவர். பாறைத் தூள் அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. சுரங்கம் மூடியபோது இருமல் மட்டும் இருந்தது. இப்போது ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பத்து அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குகிறார். நிற்பதை மறைக்க ஏதாவது கடைப் பலகையைப் படிப்பது போல நடிப்பார். போன கார்த்திகையில் படுத்தால் மூச்சு வராமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்க ஆரம்பித்தார். இங்கே உள்ள டாக்டர், இதற்கு மேல் நான் மருந்து கொடுக்க முடியாது, பெங்களூரில் நெஞ்சு டாக்டர் ஒருவர் இருக்கிறார், அவர் பார்த்து எழுதினால்தான் வீட்டில் வைக்கும் ஆக்ஸிஜன் மெஷின் கிடைக்கும், தாமதிக்காதீர்கள் என்றார். அந்த நெஞ்சு டாக்டர் அங்கே ஒரு ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம்.

நான் லீவு போட்டுவிட்டு, மாரிகுப்பத்திலிருந்து முதல் ரயிலில் அண்ணனைக் கூட்டிப்போனேன். அண்ணி புளிச்சாதம் கட்டிக் கொடுத்தார். ரயிலில் எனக்குத் தெரிந்தவர்கள் எழுந்து அண்ணனுக்கு ஜன்னல் ஓரம் இடம் கொடுத்தார்கள். அவர் வழி முழுக்கக் கிண்டல் பேசிக்கொண்டே வந்தார். மூச்சு விட்டு விட்டுப் பேசியதால் கிண்டல் இன்னும் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் நீளமான கூடம். ஒரு ஓரத்தில் கண்ணாடி ஜன்னல், அதற்குப் பின்னால் ஒரு இளைஞர். அவரிடம் பெயர் சொன்னதும் மெஷினிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். டோக்கன் எழுபத்தி நாலு. சுவரில் சிவப்பு எழுத்தில் நம்பர் ஓடும் பலகை. நாங்கள் போனபோது அதில் ஒன்பது.

உட்கார்ந்தோம். எங்களைப் போல நிறையப் பேர். பதினோரு மணிக்கு முப்பது. கொஞ்ச நேரத்தில் டாக்டர் அறைக் கதவைச் சுற்றி ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். கதவில் நிற்கும் உதவியாளர் காதில் ஏதோ சொன்னார்கள், கும்பிட்டார்கள், தெரிந்தவர் பெயரைச் சொன்னார்கள். அவர் ஒவ்வொருவராக உள்ளே விட்டார். பலகையில் நம்பர் முப்பத்தி இரண்டிலேயே நின்றது. எங்கள் பக்கத்தில் இருந்த ஒருவர் எழுந்து போகும்போது, இங்கே உட்கார்ந்தால் வேலைக்கு ஆகாது, டாக்டர் ஒரு மணிக்குப் போய்விடுவார், நீங்களும் வந்து கதவில் நில்லுங்கள் என்று கன்னடத்தில் சொன்னார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அவர் மேல் பரிதாபம்தான் வந்தது.

“பாவம், புது ஆளு போல” என்றார் அண்ணன். “கையில டோக்கன் கீது. அப்புறம் இன்னாத்துக்குக் கதவாண்ட போய் நிக்கணும்?”

நானும் அப்படித்தான் நினைத்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. எழுபத்தி நாலு என்று சீட்டுக் கொடுத்தாயிற்று. எழுபத்தி நான்காவது ஆள் உள்ளே இருக்கிறான் என்று அந்த ஜன்னலுக்குத் தெரியும். அவனைப் பார்க்காமல் எப்படி மூடுவார்கள்? அந்தக் கூடத்தில் அப்படி நம்பி உட்கார்ந்திருந்தது நாங்கள் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம்புவதற்கு எங்களுக்கு இருந்த காரணம் வேறு யாருக்கும் இருந்திருக்காது. நிதானமாகப் புளிச்சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். அண்ணன் ஒரு தூக்கம்கூடப் போட்டார்.

ஒரு மணிக்கு டாக்டர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். பலகையில் விளக்கு அணைந்தது. கண்ணாடி ஜன்னலில் இருந்த இளைஞர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

நான் எழுந்து போனேன். சீட்டைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். அடுத்த செவ்வாய் வாங்க என்றார். டோக்கன் இருக்கிறது என்றேன். அவர் கெட்டவர் இல்லை, சிரித்த முகம். எனக்காகத் தமிழிலேயே சொன்னார்.

“டோக்கன் எல்லாம் சும்மா ஒரு இதுக்குதாங்க. ஜனங்க சண்டை போடாம உக்காரணும் இல்ல?”

என் வாழ்க்கையில் தெரியாத ஒருவரிடம் நானாகக் கேள்வி கேட்டது அன்றுதான்.

“இன்னிக்கு எத்தினி டோக்கன் குடுத்தீங்க?”

அவர் யோசித்தார். நூறு இருக்கலாம் என்றார்.

“எத்தினி பேரு பாத்துட்டு வெளிய வந்தாங்க?”

அதெல்லாம் யார் சார் கணக்கு வைப்பாங்க என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாய், எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாதா, தெரியாமல் உன்னால் எப்படி வீட்டுக்குப் போக முடிகிறது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்பதற்குள் அவர் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

திரும்பும் ரயிலில் அண்ணனுக்குப் பேச மூச்சு இல்லை. பங்காருப்பேட்டை தாண்டிய பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “கதவாண்ட கூப்ட்ட அந்தாளு நல்லதுக்குதான் சொன்னாரு, நம்ப அவரையே பாவம்னு சொன்னோம்.” அந்த வாரம் ஏழு நாளும் அவர் சுவரில் சாய்ந்துதான் தூங்கினார். அதில் இரண்டு நாள் தூங்கவே இல்லை என்று அண்ணி சொன்னார்.

அந்த வாரத்தில்தான் மகளிடம் கேட்டேன். அவள் ராபர்ட்சன்பேட்டையில் காலேஜ் படிக்கிறாள். டோக்கன் என்றால் டிக்‌ஷனரியில் என்ன போட்டிருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். அவள் போனில் தேடி ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். ரொம்பப் பழைய சொல்லாம். ஆதியில் அதற்கு அடையாளம், சாட்சி என்று பொருளாம். எடுத்துக் காட்டுவது, சொல்லிக் கொடுப்பது என்பதற்கு இங்கிலீஷில் இருக்கும் டீச் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததாம். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் பலகை அதைத்தானே செய்தது, உள்ளே ஆள் இருப்பதைக் காட்டியது. அப்புறம், பிரியமானவர் ஞாபகமாக வைத்துக்கொள்ளும் பொருளுக்கும் அந்தப் பெயர் வந்ததாம். அதுவும் சரி. சுரங்கம் மூடிய பிறகு டோக்கனைத் திருப்பிக் கொடுக்காமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தவர்கள் எங்கள் லைன் வீடுகளிலேயே உண்டு. அதற்கப்புறம் நாணயத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் வில்லை. கடைசியாக ஒன்று படித்தாள். பேருக்கு, கண் துடைப்புக்கு, உள்ளே ஒன்றும் இல்லாமல் வெளியே காட்டுவதற்கு மட்டும் செய்வது.

“அது தப்பு” என்றேன்.

“அப்பா, டிக்‌ஷனரிகூட சண்டை போடாதீங்க. எல்லாரும் அப்படி யூஸ் பண்றாங்க, அதான் போட்டிருக்காங்க.”

யார் அந்த எல்லோரும் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். ஆனால் நான் விடவில்லை. சாட்சி என்று இருந்த சொல் கண் துடைப்பு என்று ஆகும்வரை எத்தனை பேர் எத்தனை ஜன்னல்களை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஒரு தடவை நடந்தால் சொல்லுக்கு ஒன்றும் ஆகாது. தினமும் நடந்தால்தான் டிக்‌ஷனரிக்காரன் அதை எழுதி வைப்பான். தமிழிலும் நாம் இதையே செய்திருக்கிறோம். சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்றபோது ‘அடையாள வேலைநிறுத்தம்’ என்று ஒரு நாள் உட்கார்ந்தோம். மறுநாள் வேலைக்கு வந்துவிடுவோம் என்பது மேலே இருப்பவர்களுக்கும் தெரியும். அடையாளம் என்ற நல்ல சொல்லும் அப்படித்தான் வெறும் சொல்லாகப் போனது. இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அப்பா இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை என்று அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

அடுத்த செவ்வாய் மறுபடி போனோம். இந்த முறை டோக்கன் நாற்பது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உதடு லேசாக நீலமாக இருந்தது. அவருக்குப் பக்கத்தில் ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், மடியில் எக்ஸ்ரே உறை. ஓசூர் பக்கமிருந்து தனியாக வந்திருக்கிறார். மூன்று மாதமாக இருமல், இருமினால் ரத்தம் வருகிறது என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கையில் இருந்த சீட்டைப் பார்த்தேன். இருபத்தி இரண்டு. பத்தரை மணிக்குப் பலகை பதினெட்டில் நின்றது. கதவைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. இன்னும் நாலு பேர்தான் என்றார்.

நான் எழுந்து கதவுக்குப் போனேன். முதலில் பின்னால் நின்றேன். அப்புறம் ஒருவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். உதவியாளர் கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணனுக்கு மூச்சு நிற்கப் போகிறது என்று பொய்யும் இல்லாத உண்மையும் இல்லாத ஒன்றைச் சொன்னேன். ஒரு முறை இல்லை, நாலைந்து முறை சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. கடைசியில் அவர் சரி, கூட்டிவா என்றார்.

திரும்பி வந்து அண்ணன் தோளைப் பிடித்துத் தூக்கினேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“உங்க நம்பரு எவ்ளோங்க?”

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“கூப்ட்டாங்க” என்றேன்.

டாக்டர் நல்லவர். அண்ணன் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்டார். தங்கச் சுரங்கம் என்றதும் மறுபடி ஒரு முறை வைத்துக் கேட்டார். மருந்து எழுதினார், மெஷினுக்குத் தனியாக ஒரு தாள் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மருந்து வாங்கி, தாளில் முத்திரை வாங்கி, நாங்கள் மறுபடி கூடத்துக்கு வரும்போது ஒரு மணி ஆகியிருந்தது. பலகையில் விளக்கு இல்லை. அந்த அம்மா அதே நாற்காலியில் இருந்தார். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் யாரும் இல்லை.

நான் அண்ணனை வேகமாக வாசலுக்கு நடத்திப் போனேன். அவரால் வேகமாக நடக்க முடியாது என்று தெரிந்தும் நடத்தினேன்.

ரயிலில் அண்ணன் கேட்டார். “அந்தம்மா நமக்கு முந்தின நம்பரு தான?”

ஆமாம் என்றேன்.

“தெரிஞ்சுதான் இஸ்துகினு போனியா?”

ஆமாம் என்றேன். உனக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது அவருக்கும் தெரியும். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இறங்கும்வரை திரும்பவில்லை.

மெஷின் வந்துவிட்டது. அண்ணன் இப்போது படுத்துத் தூங்குகிறார். அண்ணி என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடாத குறையாகப் பேசுகிறார். அண்ணன் பேசுகிறார், ஆனால் கிண்டல் இல்லை. எனக்கு இன்றும் அந்த ஆஸ்பத்திரி மேல் கோபம்தான், அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நம்பி உட்கார்ந்தவனை ஏமாந்தவனாகவும், தள்ளிக்கொண்டு போனவனைப் பிழைக்கத் தெரிந்தவனாகவும் ஆக்குகிற இடம் அது. ஆனால் டோக்கன் என்ற சொல்லுக்கு அந்தக் கடைசி அர்த்தத்தை எழுதிய எல்லோரும் யார் என்று மகளிடம் கேட்டேனே, அந்தக் கேள்வியை இனி நான் கேட்க முடியாது.

மறுபடி காட்ட வேண்டிய செவ்வாய் வருகிறது. நேற்று அண்ணன் வீட்டுக்குப் போய் எந்த ரயிலில் போகலாம் என்று கேட்டேன். மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தவர் அதைக் கழற்றிவிட்டுச் சொன்னார். “நீ வேலைக்குப் போ. நானும் ஒங்க அண்ணியும் போய்க்கிறோம். எங்க நம்பரு வந்தா பாக்கறோம், வராட்டி அடுத்த வாரம் போறோம்.”

வீட்டுக்கு வந்து மகளிடம் தாள் கேட்டு இதை எழுத உட்கார்ந்தேன். முடித்த தேதி 2025 ஜனவரி 23, வியாழக்கிழமை.